திரியில் ஏறும், நெஞ்சில் இறங்கும்!

கிருஷ்ணாயில் என்பார் பாட்டி. சீமை எண்ணெய் என்பார் தாத்தா. ரேஷன் கடைப் பலகையில் மண்ணெண்ணெய் என்று எழுதியிருக்கும். எல்லாம் ஒன்றுதான்!

கனடா நாட்டு ஆபிரகாம் கெஸ்னர் 1846-ல் நிலக்கரியிலிருந்து இந்த எண்ணெயை வடித்து, எரித்துக் காட்டினார். 'கெரோசின்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. பிறகு அது கடல் கடந்து வந்து நம் வீட்டு அரிக்கேன் விளக்கிலும், ஸ்டவ்விலும் குடியேறியது. மூட்டைப்பூச்சிக்கும் அதுதான் மருந்து. சிம்னி விளக்கடியில் படித்த பையனுக்குக் காலையில் மூக்கெல்லாம் கரி!

பையன்களின் வித்தை

மழைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு வானவில் பார்க்காத பிள்ளை உண்டா? அதோடு நின்றால் குற்றமில்லை. திருவிழாவில் ஒருவன் வாயிலிருந்து தீயை ஊதுகிறான். அதைப் பார்த்த பையனும் வீட்டுக்கு வந்து ஒரு மடக்கு எண்ணெயை வாயில் ஊற்றிக்கொள்கிறான். இன்னொருவன் டின்னுக்குள் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சுகிறான். அங்கேதான் ஆபத்து!

விளக்கெண்ணெய் கெட்டியானது, திரியில் மெல்லத்தான் ஏறும். மண்ணெண்ணெய் நீர்த்தது, அடியிலுள்ள தொட்டியிலிருந்து உச்சிவரை விறுவிறுவென்று ஏறிவிடும். தேங்கிய நீரில் ஊற்றினால் மெல்லிய ஆடைபோலப் பரவும். கொசுப்புழு மூச்சு முட்டிச் சாகும். விளக்குக்கு உதவிய அதே குணம்தான் குழந்தைக்கு எமன். புரையேறினால் எண்ணெய் நுரையீரலுக்குள் நுழைந்து பரவி, அதைப் புண்ணாக்கிவிடும்.

நீலச் சர்பத்

ரேஷன் எண்ணெயில் நீலச் சாயம் கலப்பது கலப்படக்காரனைப் பிடிப்பதற்காக. சோடா பாட்டிலில் அதை ஊற்றிவைத்தால், தவழும் குழந்தைக்கு அது சர்பத்!

குழந்தை குடித்துவிட்டால் பதறிப்போய் உப்புத் தண்ணீர் கொடுப்பார்கள். தொண்டையில் விரலை விடுவார்கள். கூடவே கூடாது! வாந்தி எடுத்தால் வயிற்றில் கிடக்கும் எண்ணெய் மேலே வந்து நுரையீரலில் இறங்கும். எண்ணெய் பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். குழந்தை சிரித்து விளையாடினாலும் ஏமாந்துவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.

பரணில் என்ன இருக்கிறது?

மின்சாரம் வந்தது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகளுக்கும் எரிவாயு வந்தது. அரிக்கேன் பரணுக்குப் போய்விட்டது. ஆனால் எறும்புக்கு என்றும், துருப்பிடித்த திருகாணிக்கு என்றும் ஒரு பாட்டில் எண்ணெய் சில வீடுகளில் இன்னும் மூலையில் ஒளிந்திருக்கிறது. பழகிய பொருள் என்பதால் அதன்மேல் யாருக்கும் பயமில்லை.

எழுந்து போய் அந்தப் பாட்டிலைத் தேடுங்கள். எண்ணெயை மூடியுள்ள தகர டின்னில் ஊற்றி, குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். காலிப் பாட்டிலைக் குப்பையில் போடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. ஓர் உயிரின் காவல்!