எல்லாச் சொல்லுக்கும் 'ஃபுல் ஃபார்ம்' உண்டா?

உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இப்படி ஒரு செய்தி சுற்றியிருக்கும்: "நியூஸ் என்றால் நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத். நாலு திசையிலிருந்தும் வருவதால் அந்தப் பெயர்!" படித்ததும் 'அட' என்போம்; நாலு பேருக்கு அனுப்பியும் விடுவோம். ஆனால் அந்த விளக்கம் தவறு.

அப்படியானால் நியூஸ் எப்படி வந்தது? 'நியூ' என்றால் புதிது. அதன் பன்மைதான் நியூஸ், அதாவது 'புதியவை'. 600 ஆண்டுகளாக ஆங்கிலத்தில் இருக்கும் சொல் இது. பழைய ஏடுகளில் கடைசி எஸ் எழுத்துக்கு முன்னால் இன்னொரு 'இ' போட்டும் எழுதினார்கள். திசைக் கணக்கு உண்மையானால், அங்கே கிழக்கு இரண்டு தடவை உதித்திருக்க வேண்டும்.

செஸ் மட்டும் சரிதானே என்று கேட்பீர்கள். சாரியட், ஹார்ஸ், எலிஃபண்ட், சோல்ஜர்: தேர், குதிரை, யானை, காலாள் என்று நம் சதுரங்கத்தின் நாற்படையும் அதில் இருக்கிறதே! ஆனால் நாலு படைக்கு நாலு எழுத்துதான் வரும். ஆங்கிலச் சொல்லில் ஐந்து எழுத்து. உண்மையில் அது அரசனைக் குறிக்கும் 'ஷா' என்ற பாரசீகச் சொல், பிரெஞ்சு வழியாக உருமாறி வந்தது. ஆட்டம் இங்கிருந்து பாரசீகம் போனது உண்மை. ஆங்கிலப் பெயர் அங்கிருந்த அரசனிடமிருந்து வந்தது.

இப்போது கொஞ்சம் கடினமான ஒரு சொல். 'போஷ் ஏரியா' என்கிறோமே, அந்த போஷ். அதற்கு ஒரு கப்பல் கதை உண்டு. பிரிட்டிஷார் ஆண்டபோது இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கிழக்கு நோக்கி வரும் கப்பலில் இடப்பக்க அறைகளுக்கு வெயில் குறைவு. திரும்பும்போது வலப்பக்க அறைகளுக்கு. அந்த அறைகளைப் பிடித்த பணக்காரர்களின் டிக்கெட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' (போகும்போது இடம், திரும்பும்போது வலம்) என்பதன் நாலு முதலெழுத்துகளைக் குத்தினார்களாம். அதுவே பகட்டுக்குப் பெயர் ஆனதாம்.

கதை கச்சிதமாக இருக்கிறது. வெயில் கணக்குகூடச் சரி. அப்புறம் என்ன சந்தேகம்? அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைக்கவில்லை. சொல்லோ 1918இலேயே லண்டனின் 'பஞ்ச்' நகைச்சுவை இதழில் வந்துவிட்டது. கப்பல் கதை அச்சில் தலைகாட்டியது 1930களில்தான். பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகு ஜாதகம் எழுதிய மாதிரி.

சரி, போஷ் எங்கிருந்துதான் வந்தது? 19ஆம் நூற்றாண்டில் லண்டன் தெருப்பேச்சில் சில்லறைக் காசுக்கு 'போஷ்' என்ற பெயர் இருந்தது. அது, 'பாதி' என்று பொருள்படும் ரோமானி (ஐரோப்பிய நாடோடி மக்களின் மொழி) சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். பகட்டுக்காரனுக்கும் அதே பெயர் இருந்தது. இவற்றில் எது இன்றைய சொல்லானது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

எல்லா ஃபுல் ஃபார்மும் பொய்யா என்றால், இல்லை. ரேடார் உண்மையான முதலெழுத்துச் சொல் (சில சொற்களின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கியது). 1940இல் அமெரிக்கக் கடற்படை வழங்கியது. நம் ஊர் 'டாஸ்மாக்' அப்படித்தான்: தமிழ்நாடு ஸ்டேட் மார்க்கெட்டிங் கார்ப்பரேஷன், 1983. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் வந்த சட்டத்தை 'போஷ்' என்கிறார்களே, அதுவும் உண்மையான முதலெழுத்துச் சொல்தான். பகட்டு போஷுக்கும் அதற்கும் உறவில்லை.

இந்த மயக்கம் தமிழிலும் உண்டு. 'அம்மா'வில் அ உயிர், ம் மெய், மா உயிர்மெய். அதனால்தான் தாய்க்கு அந்தப் பெயர் என்று மேடையில் கேட்டிருப்பீர்கள். எழுத்து வகை சரிதான். ஆனால் அப்பா, அக்கா, அத்தை எல்லாவற்றிலும் அதே வரிசைதானே? எல்லாருக்கும் பொருந்தும் சட்டையை ஒருவருக்காகத் தைத்தது என்று சொல்ல முடியாது.

அடுத்த முறை இப்படி ஒரு விளக்கம் வந்தால் என்ன செய்வது? நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

சொல் எவ்வளவு பழையது? முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் ஆக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் பெருகியது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்திய சொல் என்றால் உடனே சந்தேகப்படுங்கள்.

விரிவு எங்காவது முதலில் அச்சில் வந்திருக்கிறதா? ரேடாருக்கும் டாஸ்மாக்குக்கும் ஆவணம் இருக்கிறது. 'ஓகே'வுக்கும் உண்டு: 1839இல் ஒரு பாஸ்டன் நாளிதழ், 'எல்லாம் சரி' என்னும் ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதிச் சுருக்கியது.

எழுத்து இடிக்கிறதா? டிப்ஸ் கொடுக்கும் 'டிப்'பை 'டு இன்ஷூர் ப்ராம்ப்ட்னெஸ்' (விரைந்த சேவையை உறுதிசெய்ய) என விரிப்பார்கள். உறுதிசெய்வதற்கான ஆங்கிலச் சொல்லை வழக்கமாக 'இ' போட்டுத்தான் தொடங்குவார்கள். 'ஐ' போட்டால் காப்பீடு செய்வது.

ஒரே சொல்லுக்குப் பல விரிவுகள் உலவுகின்றனவா? அப்படியானால் பெரும்பாலும் எல்லாமே பின்னால் ஒட்டியவை.

எங்கே சரிபார்ப்பது? ஆங்கிலச் சொல்லுக்குச் சொற்பிறப்பு (சொல் பிறந்து வளர்ந்த வரலாறு) தரும் நல்ல அகராதி போதும். தமிழ்ச் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்று இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

இதெல்லாம் வீட்டில் எதற்கு? பிள்ளை பேச்சுப் போட்டியில் நியூஸ் கதையைச் சொல்லும். விவரம் தெரிந்த நடுவர் இருந்தால் அங்கேயே மதிப்பெண் போகும். எழுத்துக்கூட்டை நினைவில் வைக்க அந்த வரி உதவுமானால் வைத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. அது மனப்பாட உத்தி, வரலாறு அல்ல என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

போஷ் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "அகராதியிலேயே 'மூலம் தெரியவில்லை' என்றுதான் போட்டிருக்கிறது, கப்பல் கதை பின்னால் வந்தது" என்று சொல்லுங்கள். அதுவும் முழுமையான விடைதான்.