இறப்பே நேராத வயதின் இறப்பு விகிதம்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் 30 வயதுத் தொழிலாளர்கள் ஆயிரம் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டில் அவர்களில் யாரும் இறக்கவில்லை. அதனால் அந்த வயதில் இறப்பதற்கான வாய்ப்பே இல்லை என்றாகிவிடுமா? ஆகாது. இந்தியாவில் ஆயுள் காப்பீடு எடுத்தவர்களின் 2012–14 அனுபவத்தை வைத்துக் கணித்த அட்டவணையில், 30 வயதில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவர் என்றிருக்கிறது. இதே விகிதம் காக்களூரில் நிலவினாலும், மூன்றில் ஓர் ஆண்டுக்குச் சற்று அதிகமாக இறப்பில்லாமலே கழியும். சில ஆண்டுகளில் இரண்டு, மூன்று பேர் இறப்பார்கள். சிறு ஊரின் கணக்கில் தற்செயலின் ஆட்டம் அவ்வளவு பெரிது.

இந்த ஆட்டத்தைத் தாண்டி உண்மை விகிதத்தைத் தேடுவதுதான் இறப்பு விகிதம் கணிக்கும் மென்பொருளின் வேலை. அதற்கு இரண்டு எண்கள் வேண்டும்: ஒவ்வொரு வயதிலும் இறந்தவர்கள் எத்தனை பேர், அந்த வயதில் எல்லோரும் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகள் எத்தனை. ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அந்த ஆண்டுக் கணக்கில் அரை ஆண்டுதான். பிறகு மென்பொருள் எந்த வயதையும் தனியாகப் பார்ப்பதில்லை. 30இன் விகிதத்தைக் கணிக்க 29, 31 வயதுகளின் சாட்சியத்தையும் சேர்த்துக்கொண்டு வழவழப்பான ஒரு கோட்டை இழைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' மென்பொருளில் இதற்குச் சில வரிகள் போதும்.

கோட்டின் வடிவத்துக்கு அடிப்படை 1825இல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் லண்டனில் கண்டது: நடுவயதுக்குப் பின் இறப்பு விகிதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே மடங்கில் பெருகுகிறது. நம் அட்டவணையிலும் 40 வயதில் ஆயிரத்துக்கு 1.7 ஆக இருப்பது 50இல் 4.4 ஆகிறது. ஆனால் 20க்கும் 30க்கும் இடையே கோடு ஏறவே தயங்குகிறது. அங்கே உயிரைப் பறிப்பது முதுமையல்ல. விபத்தும் தற்கொலையும் பெரும்பங்கு வகிக்கும் வயது அது. 1980இல் ஹெலிக்மன், பொலார்ட் இருவரும் தந்த சூத்திரம் குழந்தைப் பருவம், இளமையின் விபத்துகள், முதுமை என மூன்றுக்கும் தனித்தனி உறுப்புகள் வைத்தது. தொழிற்பேட்டைக்கு அந்த நடு உறுப்புதான் முக்கியம் என்பேன்.

நல்ல மென்பொருள் கோட்டின் இருபுறமும் நிச்சயமின்மையின் அளவைக் காட்டும் பட்டையையும் வரைகிறது. ஆனால் பட்டியலில் ஏறாதவர்களைப் பற்றி அந்தப் பட்டைக்கு எதுவும் தெரியாது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் இறப்புகளும் அவர்கள் உழைத்த ஆண்டுகளும் சேர்ந்தே விடுபட்டால், நிரந்தரப் பணியாளர்களின் விகிதம் எல்லோருடையதாகவும் காட்டப்படும். அதை நம்பிக் குழுக் காப்பீட்டுக்குப் பிரீமியம் வைப்பார்கள். ஆகவே கணினியைத் திறக்கும் முன் வாயில் பதிவேட்டையும் ஒப்பந்தக்காரர்களின் சம்பளப் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பெயர்களைச் சேர்க்க வேண்டும்.