ஒரு சிப்பம் நெல், மூன்று மணி நேரம்

2025-26 கொள்முதல் பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. ஆக, ஒரு சிப்பம் சொல்லிவைத்தாற்போல் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்ணின் வங்கிக் கணக்கில் புதுமைப் பெண் திட்டம் மாதாமாதம் போடுவதும் அதே 1,000. தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்தக் கணக்கை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: பொண்ணு காலேஜுக்குப் போனால் மாதம் ஒரு சிப்பம். மூன்று வருடத்துக்கு 36 சிப்பம், 1,440 கிலோ. ஈரப்பதம் 17 சதத்தைத் தாண்டினால் நிலையத்தில் நெல்லைக் காயவைத்து எடுத்துவரச் சொல்வார்கள். இந்தச் சிப்பத்துக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

திட்டத்தின் முழுப் பெயரில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அதற்கு முன்பு, 1989 முதல், அவர் பெயரில் இருந்தது திருமண உதவித் திட்டம். அதன் கடைசிக் காலக் கணக்கு இது: பத்தாவது முடித்த மணப்பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ பெற்றவருக்கு 50,000, இருவருக்குமே தாலிக்கு 8 கிராம் தங்கம். படிப்புக்கு 25,000 கூடுதல் மதிப்பு உண்டு, ஆனால் அதைக் கையில் வாங்க ஒரு மாப்பிள்ளை வந்தாக வேண்டும். இப்போது மாப்பிள்ளை தேவையில்லை, படித்துக்கொண்டிருந்தால் போதும். சின்ன மாற்றம் என்று இதை நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் "அந்த எட்டு கிராம் இருந்தா ஒத்தாசையா இருந்திருக்கும்" என்று சொல்லும் அம்மாக்களை இன்றும் பார்க்கிறேன்.

அம்மையாரின் சொந்தக் கணக்கு இதைவிடக் கொடியது. 1883இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கையில் 10 ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் தாசி ஒருவரிடம் விற்கப்பட்டார் என்கிறது அவருடைய வரலாறு. அந்த முறையை எதிர்த்தே வாழ்நாள் முழுக்கப் போராடினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது.

பெண்ணின் பங்கை நெல்லில் அளப்பது தஞ்சாவூருக்குப் புதிதும் அல்ல. பெரிய கோயில் கல்வெட்டில், ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிலில் ஆடிய பெண்களுக்கு, ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பங்கு என்பது வருடத்துக்கு 100 கலம் நெல். ஆட்டுவித்த நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. அந்தப் பெண்களையும் பிற்காலத் தேவதாசிகளையும் ஒரே கயிற்றில் கட்டுவது சரியல்ல, இது வேறு விவாதம். ஆடியவருக்கு ஒன்று, ஆட்டுவித்தவருக்கு இரண்டு என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இனி இன்றைய கல்லூரிக்குள் வருவோம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 47.3, ஆண்களுக்கு 46.8. சேர்க்கையில் பெண் அரை புள்ளி முன்னே. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் பெயரிலான கல்லூரி 1955இலும், பெண்களுக்கான குந்தவை நாச்சியார் கல்லூரி 1966இலும் தொடங்கின. அந்த 11 வருடத்தை ஊர் எப்போதோ ஓடிக் கடந்துவிட்டது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்ததே 2024 ஆகஸ்ட் 9 அன்றுதான், புதுமைப் பெண்ணுக்கு 23 மாதம் கழித்து. ஆம்பளப் பையன் எப்படியாவது சமாளித்துக்கொள்வான் என்ற நினைப்புக்கும் ஒரு விலை உண்டு. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போய், திங்கட்கிழமை முதல் மணியில் தூங்கி வழிகிறானே, அதுதான் அந்த விலை.

ஆகவே ரூபாயிலும் தலை எண்ணிக்கையிலும் கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டது. எனக்குக் கணக்கு உதைப்பது நேரத்தில்.

நான் முதுகலை படித்தபோது தங்கியிருந்த பெண்கள் விடுதியின் கதவு 6.30க்குச் சாத்தப்படும். ஆண்கள் விடுதிக்கு 9.30. நாளுக்கு 3 மணி நேரம். வருடத்தில் 180 வேலை நாள் என்று வைத்தால் 540 மணி, இரண்டு வருடத்தில் 1,080. வாரத்துக்கு 5 மணி வீதம் 15 வாரம் நடக்கும் ஒரு பாடத்தாளுக்கு 75 மணி. அப்படியானால் கதவுக்கு அந்தப் பக்கம் 14 தாள் அளவுக்கு நேரம் நின்றுகொண்டிருந்தது. பையன்கள் அந்த நேரத்தில் டீக்கடையில்தானே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எந்தத் தேர்வுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது, எந்தப் பேராசிரியரிடம் ஆய்வுக்கு இடம் காலி என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் பேசப்பட்டன. எங்களுக்கு அது மறுநாள் காலை 10 மணிக்குத் தெரியவரும், சில சமயம் கடைசித் தேதிக்கு மறுநாள்.

வீட்டிலிருந்து வந்துபோகும் பெண்ணுக்குக் கதவு கிடையாது, பஸ் உண்டு. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு மிச்சம், ஆனால் அந்த பிங்க் பஸ் வருகிற நேரத்துக்குத்தான் அவள் நாள் முடியும். ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து வரும் என் மாணவி ஒருத்தி நாலு மணி ஆனாலே பையைக் கட்டிவிடுவாள். நூலகத்துக்கு வாயேன் என்றேன் ஒருநாள். "பிங்க் பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறே முக்காலுக்குத்தான் மேம். அடுப்பு யாரு பத்த வைக்கிறது? அம்மா நடவுக்குப் போயிட்டு வந்து திட்டும்" என்றாள். அண்ணன் இருக்கிறானே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சிரித்திருப்பாள்.

அந்த அடுப்புக்கும் அரசாங்கக் கணக்கு இருக்கிறது. 2019 காலப் பயன்பாட்டு ஆய்வின்படி நாடு முழுக்க, வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். 2024இல் 289ம் 88ம். கழித்துப் பாருங்கள்: அன்று 202 நிமிட வித்தியாசம், பிறகு 201. ஐந்து வருடத்தில் ஒரு நிமிடம்.

கேரளத்தில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில் மாதவிடாயை முன்னிட்டு மாணவியருக்கு வருகைப் பதிவில் 2 சதம் சலுகை கொடுத்தது. 75 சதத்துக்குப் பதில் 73 போதும். 90 நாள் பருவத்துக்கு 1.8 நாள். பத்திரிகைகள் கொண்டாடிய அளவுக்கு அது பெரிய தொகை இல்லை, இருந்தாலும் பதிவேட்டில் ஏறிய தொகை.

பதிவேட்டில் ஏறாதது எங்கள் துறையின் முத்தமிழ் விழா. காலை 8 மணிக்கே பட்டுப்புடவையில் எட்டு மாணவியர் வாசலில் நிற்பார்கள். சந்தனக் கிண்ணம், குங்குமம், கல்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு. தலைக்கு இரண்டு முழம் மல்லிகை, அதுவும் அவரவர் காசில். போன தடவை சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தது 11.20க்கு. 3 மணி 20 நிமிடம் எட்டுப் பேருக்கு என்றால், 26 மணி 40 நிமிடம் நின்றே கழிந்தது. பையன்கள் சும்மா இல்லை. 300 நாற்காலி இறக்கினார்கள், பேனர் கட்டினார்கள், சட்டை நனைந்தது. நடுவில் ஒருத்தி ஐந்து நாற்காலியை அடுக்கித் தூக்கினாள். "விடும்மா, புடவை கசங்கிரும்" என்று பிடுங்கிக்கொண்டார்கள். நான் ஒரு பையன் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து நிற்கவைத்தேன். விருந்தினர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னப்பா, பொண்ணுங்களுக்கு லீவா?" அவன் காது சிவந்துபோனது. அடுத்த நிமிடமே செம்பு கைமாறிவிட்டது.

மறுநாள் ஆன்-ட்யூட்டி படிவங்கள் என் மேசைக்குக் கையெழுத்துக்கு வந்தன. பணி என்ற கட்டத்தில் பையன்களுக்கு "விழா ஒருங்கிணைப்பு" என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லோடேயே சான்றிதழும் அச்சாகியிருந்தது, நாளைக்கு பயோடேட்டாவில் வைக்கலாம். எட்டு மாணவியரின் படிவத்தில் "வரவேற்பு". சான்றிதழ் இல்லை. மிச்சக் கல்கண்டை ஒரு பொட்டலத்தில் மடித்துப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.