ஆலையின் பாதுகாப்பு யார் பொறுப்பு?

தொழிற்சாலையில் தலைக்கவசமும் எச்சரிக்கைப் பலகையும் இருந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 1984 டிசம்பரில் போபாலில் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்த ஆலையிலும் குளிரூட்டும் அமைப்பு இருந்தது, வாயுவை எரிக்கும் கோபுரமும் இருந்தது. முன்னதை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பின்னது பழுதுபார்ப்புக்காகக் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

அதன் விளைவாக 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயம் மிகுந்த ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு கட்டாயமானது. உடனடி ஆபத்து என்று கருதினால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் முறையிடும் உரிமையும் தொழிலாளருக்குக் கிடைத்தது. இந்த உரிமைதான் திருத்தத்தின் உயிர்நாடி. இயந்திரத்தின் சத்தம் மாறுவதை முதலில் உணர்வது அதன் முன் நிற்பவர்தானே!

பாதுகாப்பு தன் பொறுப்பு என்ற உணர்வு அன்றாட வேலையில் எப்படித் தெரியும்? பழுதுபார்க்க இறங்கும் ஃபிட்டர் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். மூவர் இறங்கினால் மூன்று பூட்டு. கடைசி ஆள் வெளியேறித் தன் பூட்டைத் திறக்கும்வரை, எவ்வளவு அவசரமானாலும் மேலாளர்கூட இயந்திரத்தை ஓட்டக் கூடாது.

மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் பதிவுசெய்ய வேண்டும். சொன்னவருக்கே மெமோ கொடுக்கும் ஆலையில் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பதிவேடு சுத்தமாக இருக்கும், ஆபத்து அப்படியே இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் பாதுகாப்புப் பயிற்சியும் இதே பேச்சுரிமையும் வேண்டும்.