முழங்காலும் மாத்திரை டப்பாவும்

எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் இருக்கிறார். சென்ற மாதம் ஒரு நாள் காலையில், படி ஒவ்வொன்றிலும் இரண்டு கால்களையும் ஊன்றி நின்று, ஏறி வந்து, "கண் சரியாகத் தெரியவில்லை தம்பி, இதிலே என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லு" என்று ஒரு டப்பாவை நீட்டினார். குடும்ப பென்ஷனில் மாதம் ஆயிரத்துக்கு மேல் ஒதுக்கி அவர் உண்டுவரும் அந்த மூட்டு மாத்திரையின் டப்பாவில், ஓடுகிற வாலிபன் ஒருவனின் படம் பெரிதாக இருந்தது. 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று' என்னும் பொருள்பட்ட ஆங்கில வாசகமோ, எறும்பு ஊர்வதுபோல் ஓரத்தில் கிடந்தது. அதைக் கேட்டதும் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "அப்படியானால் இத்தனை நாளாக எதற்குச் சாப்பிட்டேன்?" என்றார். வாசற்படியில் நின்று சொல்ல முடியாத அந்தப் பதிலை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பஞ்சை அழுத்தி விடும்போது அது நீரை உறிஞ்சுவதுபோல், கால் மடங்கி நீளும்போதெல்லாம் மூட்டு நீரிலிருந்துதான் அது தன் போஷணையைப் பெறுகிறது. ஆகையால், 'மூட்டுக்கு உணவு' என்று விளம்பரம் எதைச் சொன்னாலும், அந்த உணவை அவ்விடம் கொண்டு சேர்ப்பது அசைவே. வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் வைத்திருப்பவரின் தொடைத் தசை மெலிய, உடலின் பாரத்தைத் தாங்க வேண்டிய தசை தாங்காமல் மூட்டே தாங்க, வலி மேலும் வளர்கிறது.

மாத்திரையால் பிரயோஜனமே இல்லையா என்றால், அதையும் பட்சபாதமின்றிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், மூட்டு மாத்திரைகளில் இருக்கும் குளுக்கோசமைனையும் காண்ட்ராய்டினையும் தனித்தும் சேர்த்தும் 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்தபோது, மிதமான வலி முதல் கடும் வலி வரை உடைய ஒரு சிறு பிரிவினருக்குச் சேர்க்கை மாத்திரை உதவியதுபோல் தோன்றினாலும், மொத்தத்தில் அவை மருந்தில்லாத போலி மாத்திரையை வெல்லவில்லை. போலி மாத்திரை உண்டவர்களிலேயே சுமார் 60 சதவிகிதத்தினருக்கு வலி குறைந்திருந்தது. தேகப்பயிற்சியோடு இம்மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்த, 89 முதியவர்களைக் கொண்ட 2007-ஆம் ஆண்டு ஆய்விலும், பயிற்சி மட்டும் தந்த பலனுக்குமேல் மாத்திரை எதையும் கூட்டவில்லை. எனவே, மருத்துவர் சம்மதித்தால் மாத்திரை துணைக்கு வரலாம்; பயிற்சியின் ஆசனத்தில் அது அமரக் கூடாது.

துணைக்கு வருவதும் எல்லாருக்கும் ஆகாது. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுவதால், அவ்வகை உணவு ஒவ்வாதவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர்களுக்கு இது ரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடும். 2022-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிசோதித்த ஒரு மூட்டு மாத்திரையில், லேபிளில் சொல்லப்படாத டைக்ளோஃபெனாக் என்னும் வலி நிவாரணியும், டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் கலந்திருந்தன. 'இரண்டே நாளில் வலி பறந்தது' என்று ஒரு பொடியைப் பற்றி யாரேனும் சொன்னால், மகிழ்வதற்கு முன் சந்தேகிக்க வேண்டும்.

பயிற்சிக்கோ பணம் வேண்டியதில்லை. கால்களை நீட்டி அமர்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணித் தளர்த்த வேண்டும். பழகியபின், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமரலாம். பயிற்சியால் சற்று வலிப்பது இயல்பே; மறுநாளும் தணியாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரத்தில் நான்கு கிலோ குறைகிறது. முறையாகக் கற்றுக்கொள்ள, அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. நடமாட இயலாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

ஏமாற்றப்பட்டவர் விதியை நொந்துகொண்டு இருந்துவிட வேண்டுவதில்லை. இத்தகைய மாத்திரை மருந்தாக அன்றி உணவாகவே விற்கப்படுவதால், அதன் பொய் விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் உரிமையையும், குற்றம் நிரூபணமானால் அக்கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் வாங்கியவருக்கு அளிக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வக்கீல் இல்லாமலே வழக்கிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. ரசீதையும் டப்பாவையும் எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

அம்மையார் அந்த டப்பாவை மருத்துவரிடம் காட்டினார். இருதயத்துக்காக அவர் உண்டுவந்த மருந்தின் பெயரைக் கேட்டதுமே, மருத்துவர் மூட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். இப்போதும் படியில் நின்றுதான் ஏறுகிறார். ஆனால் கைப்பிடியைப் பற்றுவதில்லை. டப்பாவைப் பற்றி விசாரித்தேன். "நல்ல மூடி தம்பி, கடுகு போட்டு வைத்திருக்கிறேன், பில்லும் அதற்குள்ளேயே இருக்கிறது" என்றார்.