கூட்டுறவு மொத்தப் பண்டகசாலையும் நெடுங்கால ஊழியரும்

ஆண்டுதோறும் நவம்பர் 14-ஆம் நாள் முதல் 20-ஆம் நாள் வரை நாடெங்கும் கூட்டுறவு வார விழா கொண்டாடப் பெறுகிறது. கொடியேற்றம், கருத்தரங்கு, பரிசளிப்பு ஆகியவற்றுக்கிடையே, இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஊழியர்களுக்குப் பொன்னாடை போர்த்தி நற்சான்று வழங்குவதும் சங்கங்கள் பலவற்றில் வழக்கமாக இருந்து வருகிறது. மளிகைப் பொருள்களை மொத்தமாக வாங்கிச் சில்லறைப் பண்டகசாலைகளுக்கு அனுப்பும் கூட்டுறவு நிறுவனங்களில் இப்பாராட்டுக்குத் தனிப் பொருள் உண்டு. அங்கு ஊழியரின் பணிக்காலம் நிறுவனத்தின் முதலீட்டில் ஒரு பகுதியாகும். அதே வேளையில், நிறுவனம் அவருக்குப் பட்டுள்ள கடனும் ஆகும். முதலாவதைப் பற்றி மேடையில் பேசுகிறார்கள். இரண்டாவது ஐந்தொகையில் இடம்பெற வேண்டியது. எல்லா ஐந்தொகைகளிலும் அது இடம்பெறுவதில்லை.

மொத்த வாணிகத்தின் தேவை

நுகர்வோர் கூட்டுறவு நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இலேயே அதற்கு வித்திடப்பட்டது. மும்பையின் ஆலைத் தொழிலாளர்கள் 1948-இல் தொடங்கிய அப்னா பஜாரும் பலரும் அறிந்ததே. ஆயினும் கடையை மட்டும் கூட்டுறவாக்கி, சரக்குக்குத் தனியார் மண்டியையே நம்பியிருந்தால் விலை மண்டிக்காரரின் கையில்தான் இருக்கும். இங்கிலாந்தின் ராச்டேல் முன்னோடிகள் 1844-இல் கடை திறந்தார்கள். அந்நாட்டுச் சங்கங்கள் பல ஒன்றுகூடி 1863-இல் மொத்தக் கொள்முதலுக்கெனத் தனிச் சங்கம் அமைத்ததற்கு இதுவே காரணம். இந்தியாவில் 1962-ஆம் ஆண்டின் சீனப் படையெடுப்பையொட்டி எழுந்த விலை உயர்வு அச்சம் இதற்கு வழிகோலியது. மைய அரசின் திட்டப்படி நகரங்களில் மொத்தப் பண்டகசாலைகளும் அவற்றின் கீழ்த் தொடக்கப் பண்டகசாலைகளும் நிறுவப்பட்டன. 1965-இல் தேசிய நுகர்வோர் கூட்டுறவு இணையம் இவ்வமைப்பின் உச்சியில் அமைந்தது. சேரும் மணங்கும் போய்க் கிலோகிராம் எடை வாணிகத்தில் கட்டாயமானதும் அதே 1962-இல்தான். முதல் தலைமுறை ஊழியர்கள் புதிய நிறுவனத்தையும் புதிய எடைக்கல்லையும் ஒருங்கே பழகிக்கொண்டார்கள்.

கிடங்கில் சேரும் அறிவு

மொத்தப் பண்டகசாலையின் இலாபம் கிலோவுக்குச் சில காசுகளே. ஆகவே தவறான ஒரு கொள்முதல், ஒரு மாத உழைப்பின் பயனை அழித்துவிடும். குத்தூசியால் மூட்டையின் நடுவிலிருந்து எடுத்த ஒரு பிடிப் பருப்பை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கும் அனுபவமிக்க ஊழியர், துவரையில் கலந்துள்ள கேசரிப் பருப்பை அதன் ஒரு பக்கம் சரிந்த ஆப்பு வடிவத்தைக் கொண்டே பிரித்தறிகிறார். முழுப் பயறின் மேல் ஒட்டியுள்ள வெண்புள்ளிகள் அவருக்குப் பயறு வண்டின் முட்டைகள். சில வாரங்களில் வண்டு துளையிட்டு வெளிவருமுன் அச்சரக்கைத் தனியே ஒதுக்கிவிடுகிறார். மழைக்காலத்தில் வெல்லம் கசியும். எந்த அடுக்கை முதலில் வெளியேற்ற வேண்டும் என்பதை அவரிடம் கேட்டறியலாம்.

இவற்றினும் நுட்பமானது இருப்புச் சரிபார்ப்பு. தானியம் ஈரக்காற்றில் எடை கூடும், கோடையில் உலர்ந்து குறையும். ஆண்டு முடிவில் எடை குறைந்து காணும்போது, அக்குறைவு உலர்வினால் நேர்ந்ததா, சாக்குக் கிழிந்து சிந்தியதா, களவா என்பது கணக்குப் புத்தகத்தில் எழுதியிராது. சரக்கு வந்த பருவமும் கிடந்த காலமும் கிடங்கின் எந்த மூலை நீர்க்கசிவுள்ளது என்பதும் தெரிந்தவரே இதற்கு விடை கூற வல்லார். குற்றமற்ற ஒருவர் மீது பழி விழாமல் தடுப்பதும், குற்றமுள்ளவர் ‘உலர்வு’ என்ற சொல்லுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளாமல் தடுப்பதும் இந்த அறிவுதான். கடனுக்குச் சரக்கெடுக்கும் தொடக்கப் பண்டகசாலைகளுள் எது தவணை தவறும், எதற்குச் சற்றுப் பொறுத்தால் தவறாமல் செலுத்தும் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

எனினும், நெடுங்காலப் பணி என்பதே தன்னளவில் சிறப்பாகிவிடாது. ஒரே இருக்கையில் முப்பது ஆண்டு இருந்தவரைப் பாராட்டுமுன், அவரை ஏன் ஒருமுறையும் மாற்றவில்லை என்று தணிக்கையாளர் கேட்பது முறையே. கொள்முதல், கிடங்கு, கணக்கு ஆகிய பிரிவுகளில் சுழன்று பணியாற்றியவரின் அனுபவமே நிறுவனத்துக்கு முழுப் பயன் தருவது. 1980-களின் நடுவில் சேர்ந்த ஒருவர் மைப்பிரதித் தாள் வைத்து எழுதிய பட்டியலில் தொடங்கி, 2005-இன் மதிப்புக் கூட்டு வரி, 2017-இன் சரக்கு மற்றும் சேவை வரி, கணினி வழி இருப்புக் கணக்கு ஆகிய அனைத்தையும் பணியிலிருந்தவாறே கற்றுக்கொள்ள நேர்ந்தது. அவர் ஓய்வு பெறுமுன் ஓர் ஆண்டேனும் இளைஞர் ஒருவரை அவருடன் அமர்த்தாத நிர்வாகம், பொன்னாடையோடு அந்த அறிவையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

ஐந்தொகையில் காணாத கடன்

பணிக்கொடை என்பது கருணைத் தொகையன்று. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடை வழங்கல் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் ஐந்தாண்டு தொடர்பணி முடித்தவருக்கு, நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியத்தை உரிமையாக்கியது. இறப்பு நேரின் ஐந்தாண்டு வரம்பும் தேவையில்லை. மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து நாள் ஊதியம் காண வேண்டும். உச்சவரம்பு 2018-இல் 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பதினைந்து நாள் விகிதத்தையே கைக்கொண்டுள்ளது.

இக்கணக்கில் நிர்வாகக் குழுக்கள் எளிதில் கவனிக்கத் தவறும் கூறு ஒன்றுண்டு. ஊதியம் என்பது கடைசியாகப் பெற்ற ஊதியம். மாதம் 20,800 ரூபாய் பெறும் ஒருவரின் நாள் ஊதியம் 800 ரூபாய். முப்பது ஆண்டுப் பணிக்கு அவருக்குரிய பணிக்கொடை 3,60,000 ரூபாய். அவர் ஊதியம் 26,000 ரூபாயாக உயர்ந்தால் பணிக்கொடை 4,50,000 ரூபாயாகிறது. புதிய ஊதியம் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் பின்னோக்கிப் பாய்வதால், ஊதிய உயர்வுத் தீர்மானம் நிறைவேறிய அன்றே 90,000 ரூபாய்ப் பொறுப்பு கூடுகிறது. இத்தகையோர் நாற்பது பேர் இருப்பின் அது 36 இலட்சம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் குழுப் பணிக்கொடைத் திட்டம் போன்றவற்றில் ஆண்டுக்காண்டு செலுத்தி வரும் சங்கத்துக்கு இது சுமையன்று. செலுத்தாமல், அந்த ஆண்டின் உபரியைப் பங்காதாயமாகப் பகிர்ந்தளித்த சங்கம் உண்மையில் ஊழியரின் பணத்தையே உறுப்பினருக்குப் பகிர்ந்தளித்துள்ளது.

வருங்கால வைப்பு நிதியிலும் ஓர் இடைவெளி இருந்தது. ஐம்பதுக்குக் குறைவான ஊழியருடன் மின்னாற்றல் உதவியின்றி இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்தது. சிறிய தொடக்கப் பண்டகசாலைகளின் எடையாளரும் எழுத்தரும் இதனால் அப்பாதுகாப்புக்கு வெளியே நின்றனர்.

நிறுவனமே நலிந்தால் நேர்வது என்ன என்பதற்குத் தலைநகரிலேயே சான்று உண்டு. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதையொட்டி, விலைவாசியைக் கட்டுக்குள் வைக்கும் நோக்குடன் டில்லியில் அவ்வாண்டே தொடங்கப்பட்ட கூட்டுறவுப் பண்டகசாலையான சூப்பர் பஜார், பல்லாண்டு சிறப்புற நடந்து, 2002-இல் கலைப்புக்கு உள்ளாயிற்று. அதன் ஊழியர்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிறுவனத்துக்குப் புத்துயிர் அளிக்கும் ஏற்பாட்டை நீதிமன்றம் 2009-இல் ஏற்பதற்குள் ஏழாண்டுகள் கழிந்தன. பணி நிறைவை எதிர்நோக்கியிருந்த ஒருவருக்கு ஏழாண்டு என்பது சிறு காலமன்று.

பட்டியலில் இல்லாதவர்

பாராட்டு விழாவுக்கான பெயர்ப் பட்டியல் பொதுவாகச் சம்பளப் பதிவேட்டிலிருந்தே தயாராகிறது. மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கிக் கிடங்கில் அடுக்கும் சுமைப்பணியாளர் அப்பதிவேட்டில் இரார். ஒரே நாளில் பல கடைகளுக்குச் சுமப்பவர் எந்தக் கடையின் ஊழியர் என்ற வினாவுக்கு விடையில்லாமையால், அவர் உழைத்த ஆண்டுகள் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. இச்சிக்கலுக்கு மகாராஷ்டிர மாநிலம் 1969-ஆம் ஆண்டில் இயற்றிய மாத்தாடிச் சட்டம் ஒரு தீர்வு கண்டது. முதலாளிகளும் தொழிலாளர்களும் முத்தரப்பு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கூலியையும் அதன்மீது குறிப்பிட்ட விகிதத் தீர்வையையும் கடைகள் வாரியத்தில் செலுத்தும். அதிலிருந்து வாரியம் கூலி, வைப்பு நிதி, பணிக்கொடை, விடுமுறை ஊதியம் ஆகியவற்றை வழங்கும். மும்பையின் மளிகைச் சந்தைகளுக்கும் கடைகளுக்கும் இவ்வாறு தனி வாரியமே உள்ளது. தொழிலாளி எத்தனை கடைகளுக்குச் சுமந்தாலும், அவருடைய பணியாண்டுகள் ஒரே இடத்தில் எண்ணப்படுகின்றன. கேரளமும் 1978-இல் சுமைத் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று.

இத்தகைய சட்டம் இல்லாத மாநிலங்களில், கிடங்கு வாயிற்காப்போரின் வரவுப் புத்தகமும் இறக்குகூலிச் சீட்டுகளுமே சுமைப்பணியாளரின் பணிக்காலத்துக்குச் சான்றாவன. தணிக்கை முடிந்ததும் பழைய சீட்டுகள் கழிவுத் தாளாக விற்கப்படுவது வழக்கம். விற்குமுன் பெயர்களையும் தேதிகளையும் ஒரு பதிவேட்டில் எடுத்தெழுத ஓர் எழுத்தருக்குச் சில நாள் போதும்.