கல்யாணம் லண்டன் மாப்பிள்ளையோட, ஆஸ்பத்திரி செலவு யாரோடது?

கல்யாணம் முடிச்சு பிரிட்டன் கிளம்புற சீனியர் அக்கா யாரையாவது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நகை, புடவை, லக்கேஜ் எடைன்னு எல்லாத்துக்கும் வீட்டுல லிஸ்ட் ரெடி. "அங்க போய் உடம்பு சரியில்லைன்னா?" என்று கேட்டால் மட்டும், "அங்கதான் எல்லாம் ஃப்ரீயாமே!" என்று ஒரே பதில் வரும். அந்த 'ஃப்ரீ' உண்மையில் என்னன்னு பார்ப்போம்.

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை என்.எச்.எஸ். 1948-ல் தொடங்கியது. கணவரோ மனைவியோ பிரிட்டிஷ் சிட்டிசனா இருந்தாலும், அவருடைய உரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது. உங்க விசா என்ன என்பதுதான் கணக்கு.

6 மாதத்துக்கு மேல் தங்கும் விசாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்கும்போது, விசா ஃபீஸ் தவிர ஹெல்த் சர்சார்ஜ் என்ற தொகையையும் கட்டணும். 2015-ல் இது வருஷத்துக்கு 200 பவுண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து 1,035 பவுண்டு. மாணவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 776.

ஒரு கணக்கு போடுவோம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் ஸ்பவுஸ் விசா 33 மாதத்துக்கு. 2 வருஷம் போக மீதி 9 மாதம். 6 மாதத்தைத் தாண்டினால் அது முழு வருஷமாகக் கணக்காகும். ஆக 3 × 1,035 = 3,105 பவுண்டு. ஒரு பவுண்டு 100 ரூபாய்னு வச்சாலே 3,10,500 ரூபாய்! இதை மாசாமாசம் பிரிச்சுக் கட்ட முடியாது, விண்ணப்பிக்கும்போதே மொத்தமா கட்டணும். விசா மறுக்கப்பட்டால் சர்சார்ஜ் திரும்பி வரும். பின்னாடி 30 மாத நீட்டிப்புக்கு மறுபடியும் 2,587.50 பவுண்டு. பார்ட்னர் ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவில் இருந்து, நீங்க அவருடைய டிபென்டன்ட்டா போனால் இந்தத் தொகையே கிடையாது.

கட்டியதுக்கு என்ன கிடைக்கும்? ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டர், அவர் பரிந்துரைத்தால் ஆஸ்பத்திரி சிகிச்சை, பிரசவம் எல்லாம் இலவசம். ஆனா இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு கட்டணும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அதுவும் இலவசம். பல், கண்ணாடிக்கு பொதுவா காசு உண்டு. கர்ப்பிணிகளுக்கு மருந்தும் என்.எச்.எஸ். பல் சிகிச்சையும் குழந்தை பிறந்து 12 மாதம் வரை இலவசம், அதுக்கு ஒரு சான்றிதழ் வாங்கணும். இங்கிலாந்தில் ஐ.வி.எஃப். மாதிரி கருத்தரிப்பு சிகிச்சை 2017 ஆகஸ்ட்டிலிருந்து இந்த சர்சார்ஜுக்குள் வராது.

இப்போ ரொம்ப முக்கியமான விஷயம். "ஸ்பவுஸ் விசா லேட்டாகும், முதல்ல விசிட்டர் விசால போயிடு" என்று சொந்தக்காரங்க சொல்வாங்க. விசிட்டர் விசாவில் சர்சார்ஜ் இல்லை, அதனால் அந்த உரிமையும் இல்லை. எமர்ஜென்சி பிரிவில் பார்ப்பது இலவசம்தான். ஆனா வார்டில் அட்மிட் ஆனால், இங்கிலாந்தில் என்.எச்.எஸ். விலையில் 150 சதவீதம் பில் வரும். பிரசவத்தை மறுக்க மாட்டாங்க, ஆனா பில் உண்டு. 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்து 2 மாதம் தாண்டினால், அடுத்த விசா விண்ணப்பத்தையே அது பாதிக்கலாம். உள்ளே போய் ஸ்பவுஸ் விசாவா மாத்திக்கவும் முடியாது. விசிட்டரா போறவங்க டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் ஃபிளைட் ஏறவே கூடாது.

போன முதல் வாரமே செய்ய வேண்டியது: பக்கத்து ஜி.பி. சர்ஜரியில் பதிவு செய்யுங்க. (அங்கே 'சர்ஜரி'ன்னா ஆபரேஷன் இல்லை, கிளினிக்!) பதிவு இலவசம். அவசர உதவிக்கு 999, ஆலோசனைக்கு 111. தினமும் மாத்திரை சாப்பிடுறவங்க பழைய மெடிக்கல் ரிப்போர்ட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க. அவசரம் இல்லாத ஆபரேஷனுக்கு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம்.

தொகைகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் அன்னிக்கு பிரிட்டிஷ் அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்க. கல்யாண பட்ஜெட்டில் மண்டபம், கேட்டரிங்குக்கு அடுத்த வரியில் இந்த 3,105 பவுண்டையும் எழுதி வைங்க. அதை யார் கட்டப் போறாங்கன்னு நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசிடுங்க.